பால் கேனுக்குள்ளிருந்து ஒரு சொலவடை

ஜன்னலோரம் நீங்களே உட்காருங்க அக்கா. எனக்கு இந்த ரோடு மனப்பாடம். அந்தப் பையை மட்டும் மடியில் வைக்காதீங்க. குளத்து வளைவில் டிரைவர் ஒரு வெட்டு வெட்டுவார், பை ஒரு பக்கம் போகும், நீங்கள் ஒரு பக்கம் போவீங்க.

சிட்டாங்குளத்துக்கு யார் வீட்டுக்கு? பூலம்மா பெரியம்மையைப் பார்க்கவா? என்ன விஷயமாக? சொலவடையா? ஓ, காலேஜிலிருந்து வர்றீங்களா. ஊர் ஊராகப் போய்ப் பழஞ்சொல்லைக் கேட்டுப் போனில் பதிவு பண்ணிக்கொண்டு போறீங்களாக்கும். நல்லது. எங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்தது ரொம்ப நல்லது. அதைவிட நல்லது, இந்த பஸ்ஸில் இத்தனை சீட் இருக்க என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. ஏனென்றால் இப்போது எங்கள் ஊரில் ஓடுகிற சொலவடையில் பாதி நான் செய்தது.

சிரிக்காதீங்க. வேண்டுமானால் ஒன்று காட்டுகிறேன். முன்னால் நிற்கிறாரே கண்டக்டர், அவருக்கு மூக்கால் பேச்சு. இப்போது பாருங்க. "ஆலமரம் ஸ்டாப்பு, ஆலமரம். எறங்குதவுக முன்னால வந்துருங்க. பெறவு ஐயோ அம்மான்னு கத்தப்பிடாது."

பார்த்தீங்களா, சாக்குப்பையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தர் எழுந்துவிட்டார். ஆலமரம் இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கிறது. கண்டக்டர் இந்தப் பக்கம் திரும்பித் தலையை ஆட்டிச் சிரிக்கிறார் பாருங்க. அவருக்கு வேறு என்னமோ ஞாபகம் வந்திருக்கும். நான்தான் என்று இதுவரை ஒரு தரம்கூடக் கண்டுபிடித்ததில்லை.

என் பேர் முப்பிடாதி. பேர் ஒன்றுதான். குரல் எத்தனை என்று எனக்கே தெரியாது. கால்நடை டாக்டர் வரும். எங்கள் காலேஜ் பிரின்சிபால் வரும். பால் சங்கத் தலைவர் வெள்ளத்துரை மாமா அச்சு அசலாக வரும். போன கோயில் கொடைத் திருவிழாவில் மைக்கைத் திறந்துபோட்டுவிட்டு எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். திறந்த மைக்கைப் பார்த்தால் எனக்குக் கை நிற்காது. வெள்ளத்துரை மாமா தொண்டையைச் செருமுவாரே, அதே மாதிரி ஒரு செருமல் செருமி, "நாளைக்குக் காலையில அவுகவுக எருமையைக் குளுப்பாட்டி, பொட்டு வச்சி, சங்கத்து வாசலுக்குக் கொண்டாந்துரணும்" என்றேன். மறுநாள் விடிந்தால் சங்கத்து வாசலில் எருமை நிற்க இடமில்லை. எல்லாவற்றுக்கும் நெற்றியில் பொட்டு. வெள்ளத்துரை மாமா வந்து பார்த்தார். பிறகு அவரே கூட்டி வரச் சொன்ன மாதிரி எருமை வளர்ப்பைப் பற்றி ஒரு பேச்சுப் பேசினார். அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது, நாம்தான் சொன்னோமோ என்று.

சரி, சொலவடைக்கு வருகிறேன். நீங்கள் இதைப் பதிவு பண்ணலாம். பண்ணிக்கொண்டுதான் இருக்கீங்களா? நல்லது.

எங்கள் ஊரில் வழக்கு வந்தால் போலீஸ், கோர்ட் என்று ஓட மாட்டார்கள். சாயங்காலம் பால் ஊற்றி முடித்த பிறகு சங்கத்துக் கொட்டகையில் உட்காருவார்கள். ஆணும் பெண்ணும்தான். பால் ஊற்றுகிறவர்கள் எல்லாரும் வரலாம். ஒருத்தர் ஒரு சொலவடை போடுவார். எதிராளி அதற்கு எதிர்ச்சொல் போட வேண்டும். போட முடியாதவர் எழுந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதே விஷயத்தை மறுபடி எடுத்துக்கொண்டு அந்த வாசலுக்கு வரக் கூடாது.

இதில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. நாமாக ஒரு சொல்லைச் செய்து போட முடியாது. செத்துப்போன ஒருத்தர் சொன்னதாக இருக்க வேண்டும். எங்க பாட்டையா சொன்னது, எங்க ஆத்தா சொன்னது என்று பேர் சொல்லித்தான் போட வேண்டும். யாருக்காவது சந்தேகம் வந்தால், செத்தவர் வீட்டு ஆள் எழுந்து "ஆமா, அவுக சொல்லுதான்" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால் போட்டவன் வழக்குத் தோற்றது. உயிரோடு இருக்கிறவன் தன் வசதிக்குப் பேசுவான், செத்தவனுக்கு என்ன வசதி என்பது எங்கள் ஊர்க் கணக்கு.

நான் இந்தக் கணக்கில்தான் புகுந்தேன். செத்தவர்கள் திரும்பி வந்து இல்லை என்று சொல்ல மாட்டார்களே. சும்மா குளத்தங்கரையில், ரேஷன் வரிசையில், ஒரு வயசான குரலை எடுத்து ஒன்றை அவிழ்த்து விடுவேன். "எருமை குளிச்சிக் குளம் கலங்குனா, கொக்கு மேல கேசு." இது என்னுடையது. "குடையை மறந்தவனுக்கு மழையும் எதிரி, மறக்காதவனுக்கு வெயிலும் எதிரி." இதுவும் என்னுடையது. ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் சித்தப்பா இதை மைக்கில் சொன்னார். சொல்லிவிட்டு நேரே என்னைப் பார்த்தார். நான் முகத்தைப் பாயசத்துப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

இதெல்லாம் விளையாட்டு. விளையாட்டில்லாமல் ஒரே ஒரு தரம் செய்தேன். அது எங்கள் வடிவு அத்தைக்காக.

வடிவு அத்தை எங்கள் அப்பாவின் தங்கச்சி. ஊமை கிடையாது. ஆனால் நாலு பேர் சேர்ந்து நின்றால் அவளுக்குப் பேச்சு வராது. கட்டிக்கொடுத்த வீட்டில் பேச்சு அதிகம், சோறு கம்மி. ஒரு நாள் துணிப்பையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். என்ன ஆச்சு என்று யார் வந்து கேட்டாலும் "டீ குடிக்கீகளா" என்று கேட்பாள். கேட்டவர்கள் குடிப்பார்கள். குடித்த பிறகு என்ன கேட்க வந்தோம் என்பது மறந்துவிடும். அப்படி ஒரு டீ. இஞ்சியை அம்மியில் ஒரே ஒரு இழுப்பு இழுப்பாள், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் கையில் வேறு தொழில் இல்லாத பெண்ணுக்கு பீடி இருக்கிறது. அத்தையும் இலையும் புகையிலைத் தூளும் பரப்பின முறத்தை, பீடிச் சொளவை, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தூள் நெஞ்சில் ஏறி இருமல் வந்துவிட்டது. எப்படிப்பட்ட இருமல் என்றால், எனக்கு அந்த இருமலை மட்டும் போலச் செய்யப் பிடிக்காது. தென்காசி டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இனிமேல் புகையிலைத் தூள் பக்கமே போகக் கூடாது என்றார். வீட்டுக்கு வருகிற வழியில், நீங்கள் இப்போது போய் இறங்குவீங்களே, அந்த பஸ் ஸ்டாப் புங்கமரத்தைக் காட்டி அத்தை அப்பாவிடம் சொன்னாள். "அண்ணே, அதுக்கடியில ஒரு டீக்கடை போட்டுக்கிடட்டா?"

தனக்கென்று அவள் ஒன்று கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தரம்.

மரம் ஊர்ப் பொது. ஊர் சம்மதிக்க வேண்டும். மரத்துக்கு எதிர்த்தாப்பில் தவசிக்கண்ணு மாமாவின் டீக்கடை இருக்கிறது. அப்போது எங்கள் ஊருக்கு அது ஒன்றுதான் டீக்கடை. அவர் டீயைப் பற்றி நான் சொல்ல மாட்டேன். பஸ்ஸை விட்டு இறங்கி நீங்களே குடித்துப் பாருங்க. எருமைக்கு வைத்தால் எருமை மோந்து பார்த்துவிட்டு நம்மைப் பார்க்கும். ஆனால் சொலவடையில் அவரை அடிக்க ஆள் கிடையாது. அவர் அப்பா, அவருக்கு அப்பா, எல்லாரும் பெரிய சொலவடைக்காரர்கள். செத்த ஆட்கள் பலம் அவருக்கு அதிகம்.

அன்றைக்குக் கொட்டகை நிறைந்திருந்தது. அத்தை பெரிய பிளாஸ்க் நிறைய டீ போட்டு, டம்ளர்களையும் வயர் கூடையில் அடுக்கி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். வந்தவர்களுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டால் பேச்சே தேவையிருக்காது என்று நான்தான் யோசனை சொன்னேன். ஆனால் கூட்டத்தைப் பார்த்ததும் கூடையைக் காலுக்கடியில் தள்ளிவிட்டாள்.

வெள்ளத்துரை மாமா செருமினார். "வடிவு, என்ன வேணும்னு எந்திரிச்சிச் சொல்லு தாயி."

அத்தை எழுந்தாள். "டீ" என்றாள்.

"டீயா, இப்பமா?"

கொட்டகையே சிரித்தது. அத்தை உட்கார்ந்துவிட்டாள். அப்பாதான் எழுந்து விஷயத்தைச் சொன்னார்.

தவசிக்கண்ணு மாமா அவசரப்படவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் பேசினால் எப்படி இருக்கும் தெரியுமா, தேங்காய் எண்ணெய் குளிரில் உறைந்து பாட்டிலை விட்டு இறங்கும் பாருங்க, அப்படி. "ஒரு... ஒறையில... ரெண்டு கத்தியா? எங்க பாட்டையா சொன்னது."

அப்பாவும் விடவில்லை. "ஒரலு ஒண்ணுதான், ஒலக்கை ரெண்டு விழும். எங்க ஆத்தா சொன்னது."

நல்ல பதில். பெண்கள் பக்கம் தலைகள் ஆடின. எனக்கே பெருமையாக இருந்தது. அடுத்ததாக தவசிக்கண்ணு மாமா அத்தையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆடத் தெரியாதவ முத்தம் கோணல்னாளாம். எங்க ஐயா சொன்னது."

முற்றம் என்று எதைச் சொல்கிறார் என்பது எல்லாருக்கும் புரிந்தது. புருஷன் வீட்டில் வாழத் தெரியாதவள் ஊருக்கு என்ன டீ ஆற்றப் போகிறாள் என்கிறார். அத்தை தலை முழங்காலைத் தொட்டுவிட்டது. அப்பாவுக்குக் கோபம் வந்தால் சொல் வராது. "அந்த முத்தமும் கோணலாத்தான்யா இருந்திச்சி" என்றார்.

"மாப்ள, இது சொலவடை இல்ல, வயித்தெரிச்சல்" என்றார் வெள்ளத்துரை மாமா.

அப்பா தடுமாறி, எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று ஒன்றை எடுத்துப் போட்டார். "இதுல யாரு எறும்பு, யாரு கல்லு" என்று தவசிக்கண்ணு மாமா கேட்டார். அப்பாவுக்குத் தெரியவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

தவசிக்கண்ணு மாமா கடைசிச் சொல்லைப் போட்டார். "காக்காக் கூட்டுல குயிலு முட்டை போடலாம். கொத்துனா கோவிச்சிக்கிடப்பிடாது. இதுவும் எங்க ஐயா சொன்னதுதான்."

வெள்ளத்துரை மாமா சுற்றிலும் பார்த்தார். "எதிர்ச்சொல் இருக்கா?"

இன்னொரு தரம் கேட்டார். அத்தை குனிந்து வயர் கூடையின் காதைப் பிடித்தாள். ஒரு இருமல் வந்தது, வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். இதோடு எழுந்து போனால் மறுபடி பீடிச் சொளவுதான். வேறு வழி கிடையாது.

நான் எங்கே இருந்தேன் என்று கேட்கவில்லையே நீங்கள். பின்னால், காலி பால் கேன்களை வரிசையாகக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் வைத்திருப்பார்கள், அதற்குப் பின்னால். என் தலைக்கு மேலே சுவரில் சிவனணைஞ்ச பெருமாள் பெரியப்பா படம். பால் சங்கத்தை ஆரம்பித்தவர். நான் பிறப்பதற்கு முன்னாலேயே போய்விட்டார். நான் அவரைப் பார்த்ததில்லை, குரலைக் கேட்டதுமில்லை. ஆனால் படத்தில் மீசை இருக்கிறது பாருங்க, அது மீசை இல்லை, ரெண்டு அருவாளைச் செருகி வைத்த மாதிரி. அப்படிப்பட்ட மீசைக்கு எப்படிப்பட்ட குரல் இருக்கும் என்று எனக்குக் கேட்டா தெரிய வேண்டும்?

வசதியாக ஒரு கேன் மூடி திறந்து நிமிர்ந்து நின்றது. சடை ரெண்டையும் பின்னால் தள்ளிவிட்டுத் தலையை உள்ளே விட்டேன். புளித்த பால் வாடை. அடிவயிற்றிலிருந்து எடுத்தேன்.

"ஏஏஏல... ஒத்தக் கெணத்து ஊருல தவளைதாம்ல தலையாரீஈஈ."

அக்கா, இடி இடித்த மாதிரி இருந்தது. கேன் அதிர்ந்தது, என் பல் அதிர்ந்தது. சொல் அந்த நிமிஷம்தான் எனக்குள்ளிருந்து வந்தது. ஒரே கிணறு இருக்கிற ஊரில் அதில் கிடக்கிற தவளைதான் அதிகாரி. ஒரே டீக்கடை இருக்கிற ஊரில் யார் அதிகாரி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தலையை வெளியே எடுக்கும்போது காது கொஞ்சம் மாட்டிக்கொண்டது. எடுத்த வேகத்தில் மூடி உருண்டு போய் வெள்ளத்துரை மாமா காலடியில் விழுந்தது. அவர் அதை எடுத்துப் பக்கத்தில் பத்திரமாக வைத்தார். காற்றுக்கு உருண்டது என்று நினைத்திருப்பார்.

கொட்டகை அப்படியே உறைந்துவிட்டது. பயம். முதல் வரிசையில் நிறையப் பேர் துண்டை வாயில் அழுத்திக்கொண்டார்கள். வெள்ளத்துரை மாமாவுக்குத் தோள் ரெண்டும் குலுங்கின, கண்ணில் தண்ணீர். பெரியப்பாவோடு சேர்ந்து சங்கம் கட்டினவர் இல்லையா, அந்தக் குரலைத் திரும்பக் கேட்டதும் தாங்க முடியவில்லை. ஒரு அக்கா எழுந்து வெளியே ஓடியே போய்விட்டாள். வெளியே போய் அவள் ஒரு மாதிரியாகச் சத்தம் போட்டது உள்ளே வரைக்கும் கேட்டது.

"யாரு... யாருப்பா பேசுனது?" என்றார் வெள்ளத்துரை மாமா, துண்டுக்குள்ளிருந்து.

"படம் பேசுது மாமா" என்று யாரோ சொன்னார்கள்.

"படம் பேசுமாய்யா" என்றார் தவசிக்கண்ணு மாமா. "கேனு பேசுது. ரெட்டைச் சடை போட்ட கேனு."

பயத்தில் மனுஷன் என்னவெல்லாம் உளறுகிறான் பாருங்க.

ஆனாலும் ஆள் கெட்டிக்காரர். உடனே சமாளித்துக்கொண்டார். "சரி, பேசுனது யாரா வேணாலும் இருக்கட்டும். சொல்லு சிவனணைஞ்ச பெருமாள் அண்ணாச்சி சொல்லுன்னா அவுக வீட்டு ஆளு எந்திரிச்சிச் சொல்லட்டும். அண்ணாச்சி வீட்டுல இருக்கது மதினி ஒருத்திதான். மதினி, ஊரறியச் சொல்லுங்க. அவுக இப்பிடி ஒரு சொல்லு சொன்னதுண்டா?"

நான் இதை யோசிக்கவே இல்லை. நீங்கள் பார்க்கப் போறீங்களே, அந்தப் பூலம்மா பெரியம்மை அவர் பெண்சாதிதான். ஒரு பொய் பேச மாட்டார்கள். பால் ஊற்றும்போது கேனில் ஒரு சொட்டு மழைத் தண்ணீர் விழுந்துவிட்டால்கூட, விழுந்தது என்று சொல்லிவிட்டுத்தான் ஊற்றுவார்கள். அவர்கள் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போயிற்று. அத்தை மரத்தடியும் போயிற்று, நெஞ்சும் போயிற்று. என்னால் போயிற்று.

பெரியம்மை உடனே எழவில்லை. படத்தைப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. அத்தையைப் பார்த்தார்கள். அத்தை கையிலிருந்த வயர் கூடையைப் பார்த்தார்கள். அதை ரொம்ப நேரம் பார்த்தார்கள். பிறகு முழங்காலில் கை ஊன்றி எழுந்தார்கள்.

"படம் பேசல" என்றார்கள்.

நான் கேன்களுக்குப் பின்னால் இன்னும் குனிந்துகொண்டேன்.

"கேனும் பேசல. ஆனா சொல்லு அவுக சொல்லுதான்."

தவசிக்கண்ணு மாமா விடவில்லை. "எப்பம் சொன்னாவ மதினி?"

"அவுக முடியாமக் கட்டில்ல கெடந்த நேரம். வீட்டுல அடுப்பெரியல. நான் இட்லிச் சட்டியைத் தூக்கிக்கிட்டு அந்தப் புங்கமரத்தடிக்குப் போனேன். அன்னைக்கும் இதே மாதிரிக் கூட்டம் போட்டாவ. ஒரு ஒறையில ரெண்டு கத்தியான்னு உங்க ஐயா கேட்டாரு. எனக்கு எதிர்ச்சொல் தெரியல. சட்டியைத் தூக்கிக்கிட்டுத் திரும்பி வந்தேன்." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்கள். "அன்னைக்குச் சொன்னாவ. என்கிட்டத்தான் சொன்னாவ. எடுத்துப்போட இன்னைக்குத்தான் நேரம் வந்திருக்கு."

இப்போது யாரும் துண்டை வாயில் வைத்துக்கொள்ளவில்லை. தவசிக்கண்ணு மாமா தரையைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார், மறுபடி பிரித்தார், மறுபடி மடித்தார்.

"மதினி சொன்னா மறுபேச்சு இல்ல" என்றார். "எங்க ஐயா போட்ட சொல்லுக்கு எதிர்ச்சொல் வந்துட்டு. அம்புட்டுதான்."

என் குரலுடைய சக்தியைப் பாருங்க அக்கா. அந்த நிமிஷம் நான் செய்த சொல். அதைக் கேட்டதும் பெரியம்மைக்கு நாள், இடம், கட்டில், இட்லிச் சட்டி எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. உண்மையிலேயே பெரியப்பா சொன்னதாகவே நம்பிவிட்டார்கள். ஒரு பொய் பேசாத மனுஷியையே ஏமாற்றிவிட்டேனே என்று எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. ஆனால் நல்லதுக்குத்தானே.

அத்தை என்ன செய்தாள் தெரியுமா? கூடையைத் திறந்து டீயை ஊற்றி, முதல் டம்ளரைக் கொண்டுபோய் தவசிக்கண்ணு மாமாவிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கலாமா வேண்டாமா என்று கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். வாங்கிக் குடித்தார். "இஞ்சி தூக்கல்" என்றார். சொல்லிவிட்டுக் காலி டம்ளரை மறுபடி நீட்டினார்.

அதற்குப் பிறகு ஊரில் எனக்கு மரியாதை கூடிவிட்டது. என்னமோ, என்னைப் பார்த்தால் எல்லாரும் பெரியப்பா என்று கூப்பிடுகிறார்கள். "என்ன பெரியப்பா, காலேஜுக்கா?" "பெரியப்பா, பாத்துப் போங்க, ரோட்டுல கேனு கெடக்கு." வெள்ளத்துரை மாமாகூட அப்படித்தான் கூப்பிடுகிறார். ஏன் என்று ரொம்ப நாள் யோசித்தேன். அத்தை விஷயத்தில் நான் ஓடியாடிப் பாடுபட்டதைப் பார்த்து, வீட்டுக்குப் பெரிய ஆள் மாதிரி என்கிற அர்த்தத்தில் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

கடை திறந்த அன்றைக்கு நான் காலேஜுக்குப் போகவில்லை. அப்பா ஓலைச் சாய்ப்பு இறக்கிக் கொடுத்தார். பெஞ்சு தவசிக்கண்ணு மாமா கடையிலிருந்து வந்தது, அவரே தூக்கிக்கொண்டு வந்து போட்டார். கால் ஆடுகிற பெஞ்சுதான். இருந்தாலும் பெஞ்சு. அத்தை பாலைப் பொங்கவிட்டு, முதல் டீயை ஆற்றினாள். நான் கையை நீட்டினேன். எனக்குத்தானே நியாயமாக வர வேண்டும். அவள் என்னைத் தாண்டி, வெள்ளத்துரை மாமாவைத் தாண்டிப் போய், பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருந்த பூலம்மா பெரியம்மை கையில் கொடுத்தாள்.

சரி போகட்டும் என்று நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பெரியம்மை குடிக்கவில்லை. டம்ளரை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஏதாவது சந்தேகம் தட்டியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆசை. மெதுவாகப் போட்டுப் பார்த்தேன். "பெரியம்மை, அன்னைக்குப் படத்துக்குள்ள இருந்து வந்திச்சே, பெரியப்பா கொரலு அதே மாதிரிதான இருக்கும்?"

பெரியம்மை என்னைப் பார்த்தார்கள். என் சடையைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டார்கள், கேன் விளிம்பு கீறியிருந்த காதுப் பக்கம். "கேக்கணுமாட்டி?" என்றார்கள்.

"ஆமா."

சுற்றிலும் ஒரு தரம் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பேசினார்கள். அக்கா, பிறந்து கொஞ்ச நாளான வெள்ளாட்டுக் குட்டி கத்தும் பாருங்க, அப்படி ஒரு சின்னக் குரல். கீச்சென்று, மெலிசாக. "பூலம்மா... ரொம்பச் சுடுதுட்டி பூலம்மா. கொஞ்சம் ஆத்திக் குடேன்."

சொல்லிவிட்டு அவர்களே சிரித்தார்கள். இன்னொரு தரம் சொன்னார்கள், இன்னும் சின்னதாக. கண்ணை முந்தானையால் ஒற்றிக்கொண்டு டீயைக் குடிக்க ஆரம்பித்தார்கள். அடுப்படியில் நின்ற அத்தை கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

எனக்குத்தான் ரொம்பச் சங்கடமாகப் போய்விட்டது. அந்த மீசைக்கு அந்தக் குரலா? பாவம், எத்தனை வருஷம் ஆகிவிட்டது, மறந்துபோயிருக்கும். முகத்துக்கு நேரே சொன்னால் மனசு கஷ்டப்படுவார்கள் என்று நான் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. நீங்கள் போகும்போதும் அதைக் கேட்காதீங்க அக்கா, கேட்டால் தப்பாகச் செய்து காட்டுவார்கள். அடுத்த வாரம் காலேஜ் லீவு வருகிறது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, பெரியப்பா குரலை அவர்களுக்குச் சரியாகச் சொல்லிக்கொடுத்துவிடுகிறேன்.